மாமாவின் மடக்கு நாற்காலி

புக்ககத்தில் நல்ல பெயர் எடுக்க ஒரு மருமகளுக்கு எத்தனையோ வழிகள் இருக்கின்றன. வாய்க்கு ருசியாகச் சமைக்கலாம். நாத்தனார் வந்தால் முகம் சுளிக்காமல் இருக்கலாம். ஆனால் மாமனாரை நாற்காலியோடு கீழே தள்ளி, அதனாலேயே நல்ல பெயர் எடுத்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்!

பதறாதீர்கள், சகோதரிகளே. முழுவதையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

என் மாமனாருக்குச் சொந்த ஊர் சோரியாங்குப்பம். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்க் கொம்யூனில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரை தமிழ்நாடு. ஒரு காலத்தில் அக்கரையில் இங்கிலீஷ்காரன் ராஜ்யம், இக்கரையில் பிரெஞ்சுக்காரன் ராஜ்யம். ஆறு மட்டும் யாரிடமும் அனுமதி கேளாமல் நடுவே ஓடிக்கொண்டிருந்தது.

மாமாவுக்கு எண்பத்து நான்கு வயது. அத்தை காலமான பிறகு, "எங்களோடு டவுனுக்கு வந்துவிடுங்கள்" என்று நாங்கள் அழைக்காத பண்டிகை கிடையாது. அவர் அசைய மாட்டார். ஊர் வீட்டுத் திண்ணையில் ஒரு சாய்வு நாற்காலி. அதற்குப் பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டில். பகலெல்லாம் நாற்காலி, இரவில் கட்டில். அவருடைய சாம்ராஜ்யம் அவ்வளவுதான்.

இரண்டும் சாதாரணச் சாமான்கள் அல்ல. மாமாவின் தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்தவர். புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களைச் 'சொல்தா' என்பார்கள். இந்தோ-சைனாவில் சண்டை முடிந்து அவர் ஊர் திரும்பியபோது, சைகோனிலிருந்து கப்பலில் கூடவே வந்தவை இந்த நாற்காலியும் கட்டிலும். கூடாரத்தில் விரித்துப் படுக்கவும், விடிந்ததும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கவும் ஏற்பட்ட முகாம் சாமான்கள். நாற்காலியைத் தாத்தா 'திரான்ஸாத்' என்றுதான் சொல்வாராம். அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடக்கும் கப்பல்களின் மேல்தளத்தில் பிரயாணிகள் சாய்ந்துகொள்ளப் போட்டதால், பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் அது.

1962-ம் வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். தாத்தா எழுதிக் கொடுத்தார். இருபத்திரண்டு வயது மாமா எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் என்று ஒரு முறை கேட்டேன். "ஆறு இங்கேதானேம்மா இருக்குது?" என்றார். அதற்கு மேல் அவரிடம் காரணம் கேட்க முடியாது.

* * *

அந்த ஆறுதான் 2024-ல் வீட்டுக்குள் வந்தது.

நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நகரத்து வீதிகளில் படகு விட்டார்கள். அது வடிவதற்குள், மேற்கே கொட்டிய மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்து விடப்பட்டது. டிசம்பர் முதல் வாரத்தில் தென்பெண்ணை கரை தெரியாமல் வந்தது. என் கணவர் எப்படியோ போய் மாமாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டார். உடுத்திய வேட்டியும், மருந்துப் பெட்டியும், அத்தையின் படமும் அவரோடு வந்தன. நாற்காலியும் கட்டிலும் வரவில்லை.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில். மாமாவுக்குத் தனி அறை, பஞ்சு மெத்தை, மின்விசிறி, வெந்நீர் எல்லாம் ஏற்பாடு செய்தோம். அவர் எதையும் குறை சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஊரில் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு வைத்துப் பேசுகிறவர், இங்கே மெத்தையின் ஓரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். போதுமா என்றால் போதும் என்பார். இரவில் எழுந்து பார்த்தால் விழித்துக்கொண்டிருப்பார்.

வெள்ளம் வடிந்த பிறகு என் கணவர் ஒரு சின்ன வண்டியில் சாமான்களை ஏற்றி வந்தார். நாற்காலியைப் பார்த்ததும் எனக்கே வயிற்றைக் கலக்கியது. வண்டல் அப்பி, துணி கறுத்து, போல்ட்டெல்லாம் துருப்பிடித்து, ஏதோ புதைபொருள் இலாகாவுக்கு அனுப்ப வேண்டிய சாமான் மாதிரி இருந்தது. கட்டிலின் துணி நடுவில் கிழிந்து தொங்கியது.

"பழைய இரும்புக்காரன் கூட எடுக்க மாட்டான்" என்றார் என் கணவர். என் பிள்ளை கைப்பேசியைத் தட்டி, "இதோ பாரும்மா, புது மடக்கு நாற்காலி. நாளைக்கே வீட்டுக்கு வந்துடும்" என்றான். இரண்டையும் மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டு எல்லோரும் அதை மறந்துபோனோம்.

நாலாம் நாள் மத்தியானம் மாமாவை அறையில் காணோம். பதறிக்கொண்டு கீழே ஓடினேன். மாடிப்படிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, ஈரத் துணியால் நாற்காலியின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் தப்புச் செய்த குழந்தைபோலத் துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"சும்மா பார்த்தேம்மா" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும், "நாற்காலியை நான் சரி பண்ணப் போகிறேன்" என்று வீட்டில் அறிவித்தேன். என் கணவர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

* * *

இனிமேல்தான் என்னுடைய சாமர்த்தியம் ஆரம்பமாகிறது.

எனக்கு ரவிக்கை தைக்கத் தெரியும். திரைச்சீலை தைக்கத் தெரியும். நாற்காலித் துணி என்ன பெரிய வித்தை? இரண்டு பக்கமும் கம்பு நுழைய மடித்துத் தைத்தால் தீர்ந்தது! கடைக்குப் போய், மெத்தை உறைக்கு விற்கிற கோடு போட்ட துணியாக வாங்கி வந்தேன். பழைய துணியைக் கழற்றி, அதே நீளத்துக்கு வெட்டினேன். கோடுகள் குறுக்கே ஓடினால் பார்க்க அழகாக இருக்கும் என்று தோன்றியது. அப்படியே திருப்பிப் போட்டு வெட்டினேன். வீட்டில் இருந்த சாதாரண நூல்கண்டைப் போட்டு, தையல் இயந்திரத்தில் ஒரே ஓட்டு. மரத்தைக் கழுவித் துடைத்து, போல்ட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு, மூன்று மணி நேரத்தில் நாற்காலி தயார்.

மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கவே மாட்டேன். முதல் நாள் சுகமாகப் போயிற்று. இரண்டாம் நாள், "கொஞ்சம் பள்ளமா இருக்குதும்மா" என்றார். மூன்றாம் நாள் மாலை நாலரை மணிக்கு, நான் காப்பி டம்ளரை நீட்டுகிறேன். அவர் கை நீட்டுகிறார். 'சர்ர்' என்று ஒரு சத்தம். மேல் மடிப்பு ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பிரிந்து, மாமா தரையில் உட்கார்ந்திருந்தார். சூடான காப்பி என் கால்மேல்.

நல்ல வேளை, முழங்கையில் சிராய்ப்பும் இடுப்பில் கொஞ்சம் வலியும்தான். டாக்டர் பார்த்து, எலும்புக்கு ஒன்றும் இல்லை என்றார். ஆனால் எண்பத்து நான்கு வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. என் கணவர் கோபத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நான் அடுப்பங்கரையில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

"டேய், நில்லு!"

புயலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் மாமா உரக்கப் பேசிக் கேட்டோம்.

"நாற்காலி என்னடா பண்ணிச்சு? பாவு எது, ஊடை எதுன்னு பார்க்காம வெட்டிப்புட்டா என் மருமவ. அது ஒரு குத்தமா? இங்கே கொண்டா அந்தத் துணியை."

* * *

மாமா முதலியார்பேட்டையில் நெசவு மில்லில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். 1898-ல் தொடங்கி 2020-ல் மூடப்பட்ட ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் மில். வாரத்தில் ஆறு நாள் தறி, ஞாயிற்றுக்கிழமை சோரியாங்குப்பம். புதுச்சேரி துணிக்குப் பேர்போன ஊர். அவுரியில் முக்கிய நீலத் துணி ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பலேறி ஆப்பிரிக்காவில் செனகல் வரை போயிருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் முப்பது வருஷம் துணியோடு வாழ்ந்த ஒரு மனிதர் வீட்டில் இருக்கும்போது, அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்!

அன்று மாலை அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டே எனக்குப் பாடம் நடத்தினார்.

தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டுகிற இழை பாவு. குறுக்கே ஓடுகிற இழை ஊடை. பாவு இழைக்கு முறுக்கு அதிகம். கஞ்சி போட்டு, இழுத்த இழுப்புக்கெல்லாம் நிற்கும்படி செய்திருப்பார்கள். மலிவான துணியில் ஊடை பலவீனமாகத்தான் இருக்கும். சாய்வு நாற்காலியில் நம் பாரம் முழுவதும் மேல்கம்புக்கும் கீழ்கம்புக்கும் நடுவே தொங்குகிறது. ஆகவே பாவு தலையிலிருந்து கால்பக்கம் ஓட வேண்டும். கோடு போட்ட துணியில் கோடு பாவோடு ஓடும். உலகத்தில் எந்தக் கடற்கரைப் படத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். சாய்வு நாற்காலியின் கோடுகள் மேலிருந்து கீழாகவே இருக்கும். அழகுக்காகக் கோட்டைக் குறுக்கே திருப்பிய நான், மாமாவின் பாரத்தை ஊடையின் தலையில் கட்டியிருந்தேன்.

இரண்டாவது தப்பு, பழைய துணியின் நீளத்தை அளவாக எடுத்தது. பல வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து நீண்டுபோன துணி அது. "துணியை அளக்காதே, மரத்தை அள" என்றார் மாமா. கம்பிலிருந்து கம்புக்கு ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, குறுக்குச் சட்டத்துக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி வளைவு பார்த்து, அந்தக் கயிற்றை அளக்க வேண்டும். புதுத் துணியும் முதல் மாதத்தில் கொஞ்சம் இளகும். அதற்காக இரண்டு விரற்கடை குறைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது தப்பு, ஒற்றைத் தையல்.

ராத்திரி எட்டு மணி வரை பேசினார். சாப்பாட்டில் இரண்டாம் முறை ரசம் கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நாற்காலி வாசலுக்குப் போகவில்லை.

* * *

மறுநாளிலிருந்து மாமா மேஸ்திரி, நான் சித்தாள். எங்கள் வீட்டைப்போல உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய மடக்கு நாற்காலி இருக்கலாம். ஆகையால் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மரம். ஈர மரத்தை அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். பத்து நாள் நிழலில் காற்றாட வைத்தோம். காய்ந்த வண்டலைத் தேங்காய் நார்த் தூரிகையால் தேய்த்து எடுத்தோம். பிறகு உப்புத்தாள், மரத்தின் ரேகை ஓடுகிற திசையிலேயே. ஒரு காலில் நீளக் கீறல் இருந்தது. அதற்குள் மரப்பசை விட்டு, கயிற்றால் இறுகச் சுற்றி ஒரு நாள் முழுக்க வைத்தோம். பின்சட்டம் பொருந்துகிற வெட்டுப் பற்கள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தன. இது ஆபத்தான இடம். சட்டம் நழுவினால் நாற்காலி படுத்துவிடும். தச்சரைக் கூப்பிட்டு, தேக்குத் துண்டை ஒட்டித் திருகாணி போட்டு, பல்லைப் புதிதாக வெட்டச் சொன்னோம்.

அடுத்தது இரும்பு. துருப்பிடித்த போல்ட்டுக்குத் தேங்காய் எண்ணெய் பயனில்லை. மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி ஒரு ராத்திரி வைத்தால் காலையில் அசைந்து கொடுக்கும். கழற்றிய பழைய போல்ட்டை மறுபடி போடாமல், துருப்பிடிக்காத எஃகில் புதிது வாங்கினோம். மரத்துக்கும் நட்டுக்கும் இடையே வாஷர் அவசியம். மடங்குகிற இடம் ஆகையால் முழுக்க இறுக்கக் கூடாது; கழன்றும் போகக் கூடாது. உள்ளே நைலான் வளையம் பதித்த நட்டு என்று ஒன்று விற்கிறது. அது விட்ட இடத்திலேயே நிற்கும்.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாக ஒரு பூச்சு. இங்கே ஓர் எச்சரிக்கை, சகோதரிகளே. அந்த எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி ஒரு மூலையில் போட்டுவிடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பற்றிக்கொள்ளும். திறந்த வெளியில் விரித்துக் காயவிட்ட பிறகே எறிய வேண்டும்.

கடைசியில் துணி. கனமான பருத்திக் கித்தான் வாங்கி, ஒரு இரவு முழுதும் தண்ணீரில் ஊறப் போட்டோம். கஞ்சி போகும், சுருங்குவதெல்லாம் தைப்பதற்கு முன்னாலேயே சுருங்கிவிடும். கஞ்சி இருந்தால் பூஞ்சணமும் சீக்கிரம் பிடிக்கும். மடித்த கித்தானில் என் தையல் இயந்திரம் இரண்டு ஊசிகளைப் பலிகொடுத்துவிட்டு நின்றுபோயிற்று. வண்டி இருக்கைகளுக்கு உறை தைக்கிற கடையில் கொடுத்து, பாலியஸ்டர் நூலில், அரை அங்குல இடைவெளியில் இரண்டு வரிசை ஓட்டச் சொன்னேன். அதன் மேல் ஒரு வரிசை நானே கோணி ஊசியால், தேன்மெழுகு தடவிய நூலில், பின்தையலாகப் போட்டேன். விரல் முனையெல்லாம் புண். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தையலாகத் தடவிப் பார்த்து, இரண்டு இடத்தில் பிரிக்கச் சொன்னார்.

கம்பின் இரு முனையிலும் துளை போட்டு, கம்பு நழுவாமல் இருக்க ஆளுக்கு ஒரு பித்தளை முளை செருகினேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. சாய்வு நாற்காலிக் கம்பை உருவிவிட்டு, யார் வந்து உட்காருவார்கள் என்று கதவுக்குப் பின்னால் காத்திருக்கிற விளையாட்டு நம் வீடுகளில் எல்லோரும் அறிந்ததுதானே? என் கணவர் ஒன்பது வயதில், மில்லிலிருந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கே அந்த உபசாரத்தைச் செய்திருக்கிறார். மாமா அடிக்கவில்லையாம். மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, "கணக்கிலே எழுதி வச்சிக்கிறேண்டா" என்றாராம்.

* * *

கட்டில் வேறு விதமான பிராணி. பெருக்கல் குறிபோல மூன்று ஜோடிக் கால்கள். மேலே இரண்டு நீளக் கழிகள். அவற்றில் துணி கோத்திருக்கும். நாம் படுத்ததும் கால்கள் அகலமாய் விரியப் பார்க்கும். விரியவிடாமல் இழுத்துப் பிடிப்பது துணிதான். ஆகவே அந்தத் துணி படுக்கை மட்டுமல்ல, கட்டிலின் எலும்பும் அதுவே. துணி தளர்ந்தால் கட்டில் தாழ்ந்துவிடும். பாரம் இங்கே குறுக்குவாட்டில் விழுகிறது. "இதுக்கு ஊடையும் தடிமனா இருக்கணும். இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்து வாங்கு" என்றார் மாமா. கடையில் நான் கித்தானை நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் இழுத்து இழுத்துப் பார்த்ததைக் கடைக்காரர் விநோதமாகப் பார்த்தார்.

இந்தப் பைத்தியத்தில் நான் மடக்குச் சாமான்களைப் பற்றிப் படிக்கவும் ஆரம்பித்தேன். எகிப்தில் 1922-ல் கண்டுபிடிக்கப்பட்ட தூத்தன்காமன் மன்னனின் கல்லறையில், மூன்றாக மடிகிற கட்டில் ஒன்று இருந்ததாம். வயது 3300 வருஷத்துக்கு மேல்! நம் நாட்டு ரூர்க்கியின் பெயரிலேயே ஒரு நாற்காலி உண்டு. ராணுவ அதிகாரிகள் ஆணியே இல்லாமல் கழற்றிப் பூட்டி எடுத்துப்போன நாற்காலி. அதைப் பார்த்துத்தான் டென்மார்க்கில் கோரெ கிளிண்ட் என்பவர் 1933-ல் பெயர்பெற்ற சஃபாரி நாற்காலியைச் செய்தார். மாமாவிடம் இதைச் சொன்னேன். "ராசாவானாலும் சொல்தாவானாலும் முதுகு ஒண்ணுதானே?" என்றார்.

கட்டிலின் பழைய துணியைக் கழற்றியபோது, தலைமாட்டில் ஒரு காக்கித் துண்டு ஒட்டுப் போட்டிருப்பது தெரிந்தது. நெருக்கமான, நேரான கைத்தையல். வெள்ளத்தில் மற்ற இடமெல்லாம் இற்றுப்போயும் அந்தத் தையல் விடவில்லை. தூக்கி எறியப் போனேன். மாமா கையை நீட்டித் தடுத்தார்.

"உங்க அத்தை போட்டது. என் மில்லு கால்சட்டையிலே வெட்டினா. கடைசி மூணு மாசம் அவளே இதிலேதான் படுத்திருந்தா. காத்து வேணும்னு திண்ணையிலே போடச் சொல்லுவா."

அவ்வளவுதான் சொன்னார். துண்டை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். மெத்தையில் ஏன் தூக்கம் வரவில்லை, மாடிப்படிக்கு அடியில் ஏன் போய் உட்கார்ந்தார் என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. நாங்கள் தூக்கி எறிய இருந்தது என்ன என்பதும் விளங்கிற்று.

அந்தத் துண்டைச் சுற்றிக் கத்தரித்து, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, புதுத் துணியின் தலைமாட்டில் மேலே வைத்துத் தைத்தேன். அத்தையின் தையல்மேல் ஊசி படாமல், ஓரத்தில் மட்டும்.

சோதனை இல்லாமல் மறுபடி மாமாவை உட்கார வைக்க எனக்குத் தைரியம் வருமா? இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை மூன்று வாங்கினேன். ஒரு ராத்திரி நாற்காலியில் அரிசி சாய்ந்திருந்தது. மறு ராத்திரி கட்டிலில் அரிசி படுத்திருந்தது. மாமாவின் எடை ஐம்பத்தெட்டு கிலோதான். காலையில் ஒவ்வொரு தையலாகப் பார்த்தேன். ஓர் இழைகூட அசையவில்லை. பிறகு நான் உட்கார்ந்து பார்த்தேன். என் எடை எத்தனை மூட்டை என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாத விஷயம்.

* * *

தை மாதம் ஐந்தாம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. சுற்று வட்டாரத்துச் சுவாமிகளெல்லாம் ஆற்றுக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி நடக்கும். மணலெங்கும் கடைகள், கூட்டம், குழந்தைகளின் ஊதல் சத்தம். திருவிழா என்றால் சுருளிக் கிழங்கு வாங்காமல் யாரும் வீடு திரும்ப மாட்டார்கள். 2025 ஜனவரி 18-ந் தேதி நாங்கள் எல்லோரும் சோரியாங்குப்பம் போனோம். வண்டியின் மேல் நாற்காலியும் கட்டிலும் மடங்கிப் படுத்திருந்தன.

ஊர் வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற மட்டம் இன்னும் கோடாகத் தெரிந்தது. திண்ணையைக் கழுவி நாற்காலியை விரித்துப் போட்டேன். மாமா உட்கார்ந்தார். தெருவில் போகிறவர்கள் ஒவ்வொருவராக நின்று விசாரித்தார்கள். அரை மணிக்குள் திண்ணை நிறைந்துவிட்டது. பழைய மாமா திரும்பிவிட்டார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது; பயமாகவும் இருந்தது. இனி இவர் டவுனுக்கு வருவாரா?

என் கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நைனா, இங்கே தனியா விட எங்களுக்கு மனசு வரலே. மறுபடி ஐப்பசி வரும், ஆறு வரும்..."

மாமா பதில் சொல்லவில்லை. அவர் கை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டது. எனக்குத் தாங்கவில்லை.

"மாமா, இது மடக்கு நாற்காலிதானே?" என்றேன். "சைகோனிலிருந்து சோரியாங்குப்பம் வந்தது. சோரியாங்குப்பத்திலிருந்து டவுனுக்குப் போயிற்று. இன்றைக்குத் திரும்பி வந்திருக்கிறது. ஐப்பசி பிறந்தால் மடக்கி எடுத்துக்கொண்டு அங்கே வாருங்கள். தை பிறந்தால் மடக்கி எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள். எந்த ஊரையும் விட வேண்டாம்."

மாமா கொஞ்ச நேரம் ஆற்றுப் பக்கம் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்து, "என்கிட்டே முப்பது வருஷம் படிச்சவனுக்குத் தோணலே, மூணு வாரம் படிச்சவளுக்குத் தோணிச்சு பாரு" என்றார்.

அப்படித்தான் இப்போது நடக்கிறது. மழைக் காலம் எங்கள் வீட்டில். மீதிக் காலம் ஆற்றங்கரையில். இடம் மாறும்போது நாற்காலியை அவரே மடக்குகிறார். துணி நனைந்தால் காயாமல் சுருட்ட விடமாட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தையலையும் போல்ட்டையும் நான் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் மேஸ்திரியிடம் திட்டு.

திருவிழா அன்று மாலை நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். எல்லோரும் ஆற்றுக்குப் போய்த் திரும்பினோம். முதலில் வந்து சேர்ந்திருந்த மாமா, திண்ணையில் கட்டிலின்மேல் உட்கார்ந்து, சுருளிக் கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். என் கணவர், "அப்பாடா, கால் வலிக்குது!" என்று வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

'தொம்' என்று ஒரு சத்தம். என் கணவர் தரையில்! மேல்கம்பு மாமாவின் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தது. இரண்டு பித்தளை முளைகளும் அவர் உள்ளங்கையில் பளபளத்தன.

"என் கணக்கு தீர்ந்துதுடா" என்றார் மாமா.

அவர் சிரித்த சிரிப்பில் கிழங்குத் தட்டு கவிழ்ந்துபோயிற்று.